கான்விக்ட் சிக்லிட் ஜோடி: பெண் மீனைக் காப்பாற்றி வளர்ப்பது எப்படி

கான்விக்ட் சிக்லிட் என்ற தொட்டி மீனின் ஜோடியை முட்டையிட வைப்பது பெரிய வித்தை இல்லை. சுத்தமான தண்ணீர், சாய்த்து வைத்த ஒரு மண் பூந்தொட்டி, இரண்டு வேளை தீனி போதும். மீதியை அவையே பார்த்துக்கொள்ளும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். மாதக்கணக்கில் ஒற்றுமையாக இருந்த ஜோடியில் ஒருநாள் காலையில் பார்த்தால் பெண் மீன் துடுப்பு கிழிந்து, ஹீட்டருக்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தை ஒட்டி அசையாமல் நிற்கும். அன்றைக்கே கவனிக்காவிட்டால் பெரும்பாலும் அது பிழைப்பதில்லை. இந்தச் சண்டையை அடியோடு நிறுத்த வழி கிடையாது. ஆண் துரத்தும்போது பெண் ஓடி ஒளிய இடம் இருக்கிறதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. தொட்டியின் அகலம், கல் வைக்கும் விதம், தடுப்பு எல்லாம் அதற்காகத்தான்.

மத்திய அமெரிக்காவின் ஓடைகளும் ஏரிகளும் இந்த மீனுக்குச் சொந்த ஊர். இப்போதைய அறிவியல் பெயர் அமாட்டிட்லேனியா நைக்ரோஃபாசியேட்டா. பழைய புத்தகங்களில் சிக்லசோமா என்று இருக்கும், இரண்டும் ஒரே மீன்தான். ஆண் 10 முதல் 12 செ.மீ. வரை சாதாரணமாக வளரும், சில 15-ஐத் தொடும். பெண் 7, 8 செ.மீ.யோடு நின்றுவிடும். கடைகளில் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ விற்பதும் இதே மீனின் நிறம் மாறிய வகை. பார்க்க சாதுவாக இருக்கும், குணத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை.

தொட்டி

ரெடிமேடாகக் கிடைக்கும் 3 அடி தொட்டிகளில் பல 12 அங்குல அகலம்தான். அது வேண்டாம். ஆண் குறுக்கே திரும்பி நின்றாலே பாதி வழி அடைபட்டுப் போகும். பெண்ணுக்கு மூலையை விட்டால் வேறு போக்கிடம் இருக்காது. 36 × 18 × 18 அங்குலத்தில், 8 மி.மீ. கண்ணாடியில் செய்யச் சொல்லுங்கள். முழுக் கொள்ளளவு சுமார் 190 லிட்டர். மேலே 5 செ.மீ. விட்டு, மணலும் போட்டால் உண்மையில் நிற்கும் தண்ணீர் 160 லிட்டர் அளவுக்கு வரும். மருந்து, உப்பு எதைக் கணக்கிட்டாலும் இந்த 160-ஐ வைத்தே கணக்கிட வேண்டும். பட்ஜெட் இடித்தால் உயரத்தைக் குறையுங்கள், அகலத்தில் கை வைக்காதீர்கள்.

தண்ணீர், கண்ணாடி, மணல், கல் எல்லாம் சேர்த்து 220 கிலோவைத் தாண்டும். மர ஸ்டூலோ பழைய டிவி ஸ்டாண்டோ தாங்காது; இரும்பு ஸ்டாண்ட், அதன்மேல் பிளைவுட், அதன்மேல் 1 செ.மீ. தெர்மோகோல். பின்பக்கக் கண்ணாடிக்கு வெளியே கறுப்புத் தாள் ஒட்டுங்கள்.  மூடியும் அவசியம், துரத்தலில் பெண் துள்ளி வெளியே விழுவது உண்டு.

அடியில் கழுவிய ஆற்றுமணல் 3 செ.மீ. கனத்துக்கு, சுமார் 20 கிலோ. எம்-சாண்ட் போடாதீர்கள். ஓரம் கூராக இருக்கும், இந்த மீனோ மணலை வாயால் அள்ளித் துப்பிக் குழி தோண்டும் ஜாதி. அதே காரணத்தால் மணலுக்கு அடியில் தட்டாக வைக்கும் அண்டர்கிராவல் ஃபில்டரும் இங்கே வீண்: இரண்டே நாளில் தட்டு வெளியே தெரியும்படி தோண்டிவிடும். மணிக்கு 800 முதல் 1,000 லிட்டர் தள்ளும் கனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே நிற்கும் மூடிய டப்பா ஃபில்டர்) அல்லது தொட்டியின் மேல் உட்காரும் டாப் ஃபில்டர் ஒன்று, அதோடு ஏர் பம்பில் ஓடும் பெரிய ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்று வையுங்கள். மோட்டார் ஃபில்டரின் உறிஞ்சு குழாயை மணலிலிருந்து 8 செ.மீ. உயர்த்தி வைத்தால் மணல் ஏறி இம்பெல்லர் (மோட்டாரின் சுழல் விசிறி) தேயாது. ஸ்பாஞ்ச் ஃபில்டர் கரண்ட் போகும் நேரத்துக்கு; இன்வெர்ட்டரிலோ பேட்டரி ஏர் பம்பிலோ மாட்டிவிடலாம். பல மணி நேரம் நின்றுபோன கனிஸ்டரை அப்படியே ஆன் செய்யக் கூடாது. உள்ளே காற்றில்லாமல் கெட்டுப்போன தண்ணீர் தொட்டிக்குள் வந்துவிடும். திறந்து கொட்டி, தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகு ஓட விடுங்கள்.

ஹீட்டர் சென்னை, மதுரை போன்ற ஊர்களில் மார்கழி, தை தவிர அவ்வளவாகத் தேவைப்படாது. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூரில் 200 வாட் வேண்டும். பிளாஸ்டிக் கூண்டு போட்ட ஹீட்டராகப் பார்த்து வாங்குங்கள். வெறும் கண்ணாடிக் குழாயைக் கல்லில் தள்ளி உடைக்கும் பலம் இந்த மீனுக்கு உண்டு.

உள்ளே எதை எங்கே வைப்பது

கல்லை மணலுக்கு மேல் வைக்காதீர்கள். முதலில் கல்லை அடிக்கண்ணாடியின்மேல், கீழே ஒரு மெல்லிய தெர்மோகோல் துண்டு கொடுத்து உட்கார வையுங்கள். அதன்பிறகு சுற்றி மணல் போடுங்கள். மணல்மேல் நின்ற கல்லின் அடியை ஜோடி ஒரே ராத்திரியில் தோண்டிவிடும். கல் சரிந்தால் மீனும் போகும், கண்ணாடியும் போகும்.

முட்டைக்கு 5 அல்லது 6 அங்குல மண் பூந்தொட்டி ஒன்றைப் படுக்க வைத்தால் போதும். கொட்டாங்குச்சியும் நல்லதுதான், நார் சுரண்டி, சாயம் இறங்குவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றிக் கொதிக்க வைக்க வேண்டும். இதை இடது ஓரத்தில் வைத்தீர்களானால், பெண் ஒளியும் இடம் வலது ஓரத்தில் இருக்கட்டும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதுதான் நிறைய பேர் செய்கிற தப்பு. முட்டைக் குகையைக் காவல் காக்கும் ஆண், அதன் அருகே எது வந்தாலும் துரத்தும், தன் ஜோடியாகவே இருந்தாலும்.

மறைவிடத்துக்கு ஒரு விதி உண்டு. ஆண் நுழையக்கூடிய குகைக்கு இரண்டு வாசல் வேண்டும். ஆண் நுழைய முடியாத குகைக்கு ஒரு வாசல் போதும். முதல் வகைக்கு 4 அங்குல பிவிசி பைப்பை ஓர் அடி நீளத்தில் வெட்டி, இரண்டு முனையும் திறந்தபடி வையுங்கள். இரண்டாவது வகைக்கு அதே 4 அங்குல பைப்பில் அரை அடி எடுத்து, இரு முனையிலும் எண்ட் கேப் மாட்டி, ஒன்றில் மட்டும் சுமார் 3 செ.மீ. விட்டத்தில் ஓட்டை போட்டு, விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். காற்று நிற்காமல் இருக்கவும் தண்ணீர் ஓடவும் மேலும் கீழும் சிறு துளைகள் வேண்டும். 7 செ.மீ. பெண் துடுப்பை மடித்துக்கொண்டு உள்ளே போய்விடும், 11 செ.மீ. ஆண் தலையை மட்டும் விட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பும். ஆணும் பெண்ணும் ஒரே அளவில் இருந்தால் இந்த உபாயம் பலிக்காது. ஆண் குறைந்தது 2, 3 செ.மீ. பெரியதாக இருக்கும் ஜோடிக்குத்தான் இது.

தொட்டி நடுவில் உயரமான கல்லோ மரக்கட்டையோ நிற்கட்டும், மேல்மட்டம்வரை எட்டினால் நல்லது. பெண் மறுபக்கம் போனதும் ஆணின் கண்ணிலிருந்து மறைய வேண்டும். கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் வரை துரத்தல் ஓயாது.

தண்ணீர்

போர் தண்ணீர் கடினமாக இருக்கிறதே என்று ஆர்.ஓ. தண்ணீர் தேடுவது இந்த மீனுக்குத் தேவையில்லாத வேலை. பிஹெச் 7 முதல் 8, வெப்பம் 24 முதல் 28 டிகிரி. மிதமான கடினத்தன்மை அதற்குப் பிடிக்கும். குழாய்த் தண்ணீரோ லாரித் தண்ணீரோ என்றால் குளோரினைப் போக்க வேண்டும்: ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் வைக்கலாம், அல்லது சோடியம் தயோசல்ஃபேட் படிகம். 1 மி.கி. குளோரினுக்குச் சுமார் 7 மி.கி. படிகம் என்பது கணக்கு. லிட்டருக்கு 2 மி.கி. குளோரின் உள்ள 50 லிட்டர் தண்ணீருக்கு முக்கால் கிராம் போதும்.

மீன் விடுவதற்கு முன் ஃபில்டரில் நல்ல பாக்டீரியா வளர வேண்டும். மீன் கழிவில் வரும் நச்சான அமோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது அவைதான். இதற்கு 4 முதல் 6 வாரம் பிடிக்கும். மீன் இல்லாமலே செய்யலாம்: கலப்பில்லாத அமோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம், 160 லிட்டருக்கு 1 கிராம் கரைத்தால் அமோனியா சுமார் 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மி.கி.) வரும். ஈயம் பூசக் கிடைக்கும் கட்டி நவச்சாரத்தில் வேறு உலோகக் கலப்பு இருக்கலாம்; ஆய்வகத் தரப் பொடியே வாங்குங்கள். டெஸ்ட் கிட்டில் அமோனியா பூஜ்யத்துக்கு இறங்கும்போதெல்லாம் மறுபடி 1 கிராம். போட்ட 24 மணி நேரத்தில் அமோனியாவும் நைட்ரைட்டும் இரண்டுமே பூஜ்யம் காட்டினால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீனை விடுங்கள். பிறகு வாரம் 50 லிட்டர் மாற்றினால் நைட்ரேட் 40 பிபிஎம்முக்குக் கீழேயே நிற்கும். மாற்றும்போது ஹீட்டர் பிளக்கைக் கழற்ற மறக்காதீர்கள். குஞ்சு இருக்கும் நாட்களில் கையைக் கடிக்கும், பதறிப்போய்க் குழாயை விட்டுவிடாதீர்கள்.

ஜோடி தேர்ந்தெடுப்பது

சென்னை கொளத்தூர் மாதிரி மொத்தக் கடைகள் நிறைந்த இடத்தில் 3, 4 செ.மீ. குஞ்சுகளாக ஆறு வாங்கி ஒன்றாக வளர்ப்பது சிறந்த வழி. நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் ஒரு ஜோடி தானாகவே சேரும். சேர்ந்ததும் மற்ற நான்கையும் அன்றே அப்புறப்படுத்திவிட வேண்டும். நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டால் நாளைக்கு நான்கு இருக்காது. ஒரே தாயின் குஞ்சுகளாக இல்லாமல் இரண்டு கடைகளில் மும்மூன்றாக வாங்குவது உத்தமம்.

பெரிய மீனாக வாங்குகிறீர்கள் என்றால் ஆண், பெண் பிரிப்பது சுலபம். பெண்ணின் வயிற்றுப் பக்கம் ஆரஞ்சு நிறச் செதில்கள் மின்னும். மீனினத்தில் வழக்கமாக ஆண்தான் பளபளக்கும், இதில் தலைகீழ். ஆணுக்கு நிறம் சாம்பலாக இருக்கும், முதுகுத் துடுப்பும் பின்துடுப்பும் நீண்டு கூராக முடியும், வயதான பின் நெற்றி புடைக்கும். கடைக்காரர் ‘பிரீடிங் பேர்’ என்று தனிப் பையில் போட்டுத் தந்தாலும், புதுத் தொட்டிக்கு வந்ததும் அவை அந்நியர்கள்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் பெரிய மீன்களை நேரடியாகச் சேர்க்கக் கூடாது. தொட்டியின் நடுவே துளைகள் உள்ள தடுப்பு வையுங்கள். 4 மி.மீ. அக்ரிலிக்கில் வரிசையாக 6 மி.மீ. துளை போடலாம், ஃபால்ஸ் சீலிங் விளக்குக்கு மாட்டும் சதுரக் கட்டப் பிளாஸ்டிக் ஜாலியும் பொருந்தும். அடியில் மணலுக்குள் கண்ணாடி வரை இறங்க வேண்டும், இல்லாவிட்டால் ஒன்று தோண்டிக்கொண்டு மறுபக்கம் போய்விடும். முதலில் பெண்ணை விட்டு, மூன்று நாள் கழித்து ஆணை மறுபக்கம் விடுங்கள். இடம் பெண்ணுக்குப் பழகியிருந்தால் ஆணின் அதிகாரம் கொஞ்சம் குறையும்.

ஏழு முதல் பத்து நாள் கவனியுங்கள். இரண்டும் தடுப்பின் அருகே ஒரே இடத்தில் குழி தோண்டுவது, பக்கவாட்டில் நின்று உடம்பை நடுக்குவது, பெண்ணின் நிறம் கறுத்து ஆரஞ்சு பளிச்சென்று வருவது எல்லாம் நல்ல அறிகுறி. ஆண் தடுப்பை முட்டிக்கொண்டே இருந்தால், பெண் வெளிறிப்போய் மறுகோடியில் நின்றால், இன்னும் ஒரு வாரம். அப்புறமும் மாறாவிட்டால் ஜோடியை மாற்றுவதுதான் வழி, பொறுமை அங்கே உதவாது.

தடுப்பை எடுப்பதை விடுமுறை நாள் காலையில் வைத்துக்கொள்ளுங்கள், இரவில் அல்ல. எடுத்த கையோடு கல், பைப் எல்லாவற்றையும் இடம் மாற்றி வையுங்கள். தொட்டி இருவருக்கும் புதிதாகிவிடும். வாயோடு வாய் கவ்வி இழுப்பதும் வாலால் அடிப்பதும் பலப்பரீட்சை. சில நொடிகளில் விலகி மறுபடி சேர்ந்து நீந்தினால் விட்டுவிடலாம். ஒன்று மட்டுமே துரத்துகிறது, மற்றது ஒருமுறைகூடத் திரும்பி எதிர்த்து நிற்கவில்லை, துடுப்பை உடம்போடு ஒட்டிக்கொண்டு மேல் மூலைக்குப் போகிறது என்றால் அது பலப்பரீட்சை இல்லை. உடனே பிரித்துவிடுங்கள்.

பிரிக்கும்போது வலையில் பிடித்து எடுக்க வேண்டியது ஆணை. அடிபட்ட பெண்ணை எடுத்தால் இடம் முழுவதும் ஆணுக்குச் சொந்தமாகிவிடும். பெண் திரும்பி வரும்போது முன்னைவிட மோசமாக அடிக்கும். ஆணை ஒரு வாரம் வேறு தொட்டியில் வைத்து, அமைப்பை மாற்றி, பெண் நன்றாகத் தின்னத் தொடங்கிய பின் ஆணைத் திரும்ப விடுங்கள். கிழிந்த துடுப்புக்கு மருந்து வேண்டாம். சுத்தமான தண்ணீரும் லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பும் (160 லிட்டருக்கு 160 கிராம், தனியாகக் கரைத்து இரண்டு தவணையாக) போதும், இரண்டு மூன்று வாரத்தில் வளர்ந்துவிடும்.

முட்டை முதல் குஞ்சு வரை

சற்றே குளிர்ந்த புதுத் தண்ணீர் மாற்றிய மறுநாள் முட்டை வைப்பது வழக்கம். முட்டைக் குகையின் கூரையிலோ சுவரிலோ 100 முதல் 300 முட்டை, பழுப்பு நிறத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும். பெண் அவற்றின்மேல் நின்று நெஞ்சுத் துடுப்பால் விசிறிக்கொண்டே இருக்கும். பூஞ்சை பிடித்து வெள்ளையான முட்டையை ஒவ்வொன்றாக வாயால் கிள்ளி எடுக்கும். 26, 27 டிகிரியில் மூன்றாம் நாள் பொரியும். பொரிந்தவை நீந்தாது. வால் மட்டும் துடிக்க ஒரு குவியலாகக் கிடக்கும். பெற்றோர் அவற்றை வாயில் அள்ளி மணலில் தோண்டிய குழிக்கு மாற்றும், மறுநாள் வேறு குழிக்கு. காணோமே, தின்றுவிட்டதோ என்று அவசரப்பட்டுக் கல்லைத் தூக்கிப் பார்க்காதீர்கள். நாலைந்து நாளில் மஞ்சள் கரு தீர்ந்து, மேகம்போல் எழுந்து நீந்தும். தாய் அடிமணலைத் துடுப்பால் கிளறிவிட, பறக்கும் துகளைக் குஞ்சுகள் பொறுக்கும். விளக்கு அணையும் நேரம் விலகிப்போன குஞ்சை ஆண் வாயில் கவ்விக் கூட்டத்தில் துப்பும். ராத்திரி விளக்கைச் சட்டென்று அணைக்காமல் அறை விளக்கைச் சிறிது நேரம் எரிய விடுவது இதற்காகத்தான்.

நீந்தத் தொடங்கிய குஞ்சுக்கு முதல் நாளிலிருந்தே ஆர்ட்டீமியா (உப்புநீரில் பொரிக்கும் நுண்ணிய இறால் வகை) கொடுக்கலாம், அந்த அளவுக்கு வாய் பெரிது. ஒரு லிட்டர் தண்ணீரில் 25 கிராம் உப்பு, அரை டீஸ்பூன் ஆர்ட்டீமியா முட்டை, பலமான காற்று, வெளிச்சம். 24 மணி நேரத்தில் பொரியும். கிடைக்காதவர்கள் பெல்லட்டை மாவாக அரைத்துச் சிட்டிகையாகத் தூவலாம். அவித்த முட்டை மஞ்சள் கரு தண்ணீரைக் கெடுக்கிற வேகத்துக்கு லாபமில்லை.

அபாயமான நேரம் இரண்டு. ஒன்று, முட்டையோ குஞ்சோ அழிந்துபோன மறுநாள். காக்க எதுவும் இல்லாத ஆண் உடனே மறுபடி முட்டைக்குத் துரத்தும், பெண் தயாராக இருக்காது. குஞ்சு வேண்டாம் என்று நீங்களே முட்டையைச் சுரண்டி எடுப்பதும் இதையேதான் செய்கிறது. மற்றொன்று நான்கைந்து வாரத்தில், குஞ்சுகள் 1 செ.மீ. தாண்டும்போது. அடுத்த ஈட்டுக்கு இடம் வேண்டும் என்று பெற்றோரே குஞ்சைத் துரத்தும். அதற்குள் குஞ்சுகளைத் தனித் தொட்டிக்கு மாற்றி, தடுப்பைத் திரும்பப் போட்டு ஜோடிக்கு ஒரு மாதம் ஓய்வு கொடுங்கள். விட்டுவிட்டால் நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு ஈடு என்று போய்ப் பெண் தேய்ந்துவிடும். குஞ்சு இருக்கும்போது சண்டை முற்றினால், அப்போதும் எடுக்க வேண்டியது ஆணைத்தான். பெண் தனியாகவே குஞ்சை வளர்க்கும்.

குஞ்சு யாருக்குப் போகும் என்பதை முட்டைக்கு முன்பே கேட்டு வையுங்கள். கடைகளில் இதற்கு மவுசு கிடையாது. ஏரியிலோ கிணற்றிலோ மட்டும் விடவே கூடாது. 1952-ல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டையும் இதே சிக்லிட் குடும்பத்து மீன்தான், இன்று அது இல்லாத குளம் இல்லை.

தீனி, துணை மீன், நோய்

2 மி.மீ. பெல்லட், இரண்டு நிமிடத்தில் தீரும் அளவு, தினம் இருவேளை. வாரம் ஒருநாள் பட்டினி. தோல் நீக்கிய அவித்த பட்டாணி வாரம் இருமுறை. சிக்கன், மாட்டு ஈரல் கொடுப்பது கொழுப்பையும் அழுக்கையும்தான் சேர்க்கும். உயிருள்ள சிறு மீன் கொடுப்பது நோயை விலைக்கு வாங்குவது.

3 அடியில் ஜோடியைத் தவிர வேறு எதுவும் வேண்டாம். 4 அடி இருந்தால் வேகமாக நீந்தும் ஜெயண்ட் டேனியோ ஆறு விடலாம். ஜோடியின் கோபம் அவற்றின் பக்கம் திரும்பும், அவை சிக்காது. கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும் சக்கர் மீன் வேண்டவே வேண்டாம், ராத்திரியில் முட்டையைத் தின்னும்.

வெண்புள்ளி நோய்க்கு வெப்பத்தை 30 டிகிரிக்கு ஏற்றி, காற்றைக் கூட்டி, லிட்டருக்கு 2 கிராம் உப்பு, பத்து நாள். தலையில் குழி விழுந்தால் முதலில் நைட்ரேட்டைப் பாருங்கள். கோடையில் தண்ணீர் 31-ஐத் தாண்டினால் மூடியைத் திறந்து வலை போட்டு, மேற்பரப்பில் ஃபேன் காற்று படும்படி வையுங்கள்.

பெரிய சிக்லிட் என்றால்

ஜாக் டெம்ப்சி ஜோடிக்கு 4 அடி, ரெட் டெவில், ஜாகுவார் ஜோடிக்கு 6 அடி நீளமும் 2 அடி அகலமும் குறைந்தபட்சம். இவற்றில் ஆணையும் பெண்ணையும் நிரந்தரமாகத் தடுப்பின் இரு பக்கமும் வைப்பதே நடைமுறை. சதுரக் கட்ட ஜாலியை ஒட்டியே ஒரு தட்டைக் கல்லைப் பெண் பக்கம் வைத்தால், அதன்மேல் இடும் முட்டைக்கு ஆண் மறுபக்கத்திலிருந்தே கரு கொடுத்துவிடும். ஃபில்டர் ஓட்டத்தை அந்த ஒரு மணி நேரம் குறைத்து வைக்க வேண்டும், விந்து அடித்துப் போகாமல் இருக்க. கலப்பின சிக்லிட்டான ஃப்ளவர்ஹார்னிலும் இதே முறைதான். ஆனால் அதில் ஆண்கள் பல மலடு, இரண்டு மூன்று முறை முட்டை முழுவதும் வெள்ளையானால் ஆணை மாற்றிப் பாருங்கள்.